மயெல்லாவின் சாட்சியத்தை அலசுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹார்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) நாவலின் நீதிமன்றக் காட்சி பற்றிய மாணவர் கட்டுரைகளைத் திருத்துகிறேன். டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவர் தன்னைப் பலாத்காரம் செய்ததாக மயெல்லா என்ற வெள்ளைக்காரப் பெண் சாட்சி சொல்லும் காட்சி அது; டாமுக்காக வாதாடும் வழக்கறிஞர் ஆட்டிகஸ். பெயர்ப் பிழையும் கதைச்சுருக்கம் ஒப்பிப்பதும் போகப்போகச் சரியாகிவிடும். சொன்னால்தான் சரியாகும் என்பவை இவை.

பதறினால் பொய் என்று முடிவுகட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். "மயெல்லா அழுகிறாள், திணறுகிறாள்; எனவே பொய் சொல்கிறாள்." ஒரே வரியில் தீர்ப்பு, அடுத்த பத்தி.

அவள் அழுவது ஆட்டிகஸ் குறுக்கு விசாரணைக்கு எழுவதற்கும் முன்பே. அப்பாவை இடதுகைக்காரர் என்று காட்டியதுபோல் தன்னையும் மடக்கிவிடுவாரோ என்ற பயம். பிறகு, அப்பா நல்லபடி நடந்துகொள்வாரா என்ற கேள்விக்கு, "பரவாயில்லை, ஆனால்..." என்று இழுத்துவிட்டு அவரைப் பார்க்கிறாள். சாய்ந்திருந்த அப்பா பாப் யூவெல் நிமிர்ந்து உட்காருகிறார். "ஆனால் ஒன்றுமில்லை" என்கிறாள். அவர் மறுபடி சாய்ந்துகொள்கிறார். யாருக்குப் பயப்படுகிறாள் என்பது இதைவிடத் தெளிவாக எங்கும் இல்லை. கட்டுரைகளில் இந்த இடத்தைக் காணவே காணோம்.

ஒரு மாணவியிடம் கேட்டேன்: "பயந்தால் குற்றவாளி என்றால், பயந்து ஓடிய டாம் ராபின்சன் யாரம்மா?" விழித்தாள். மனசாட்சி சுத்தமென்றால் ஏன் பயந்தாய் என்று டாமை மடக்குபவர் அரசு வழக்கறிஞர் கில்மர். டாமுக்காக எழுதுவதாக நினைத்து, கில்மரின் வாதத்தையே எழுதிவைக்கிறார்கள்!

பொய்யை நிறுவ அழுகை எதற்கு? டாம் முகத்தில் அடித்தாரா என்றால், முதலில் ஞாபகமில்லை என்கிறாள். அதே மூச்சில் அடித்தார் என்கிறாள். காயம் வலது கண்ணில்; எதிரே நின்று அடித்தவர் இடது கையால் அடித்திருக்கவே வாய்ப்பு அதிகம். டாமின் இடது கையோ சிறுவயதில் பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கி வீணாய்ப் போனது. இவற்றை வைத்து வாதாடுங்கள்.

"மிஸ் மயெல்லா"வைக் கிண்டல் என்று நம்புவது

ஆட்டிகஸ் தன்னை அப்படி அழைப்பதைக் கிண்டல் என்று நம்புவது அவள். அது அவருடைய வழக்கமான மரியாதை என்று நீதிபதி டெய்லரே விளக்கம் சொல்லிவிடுகிறார். 19 வயதுவரை யாரும் அவளை மரியாதையாக அழைத்ததில்லை என்பதல்லவா அங்கே எழுத வேண்டியது?

18-ஆம் அத்தியாயத்தோடு நிறுத்துவது

அது மயெல்லாவின் சாட்சியம். டாம் சாட்சி சொல்லும் 19-ஐயும் படியுங்கள்.

ஸ்கௌட்டை மறப்பது

கதை சொல்பவள் ஸ்கௌட், நீதிமன்ற மாடத்திலிருந்து வேடிக்கை பார்த்த சிறுமி. கூண்டில் நிற்பவளின் முகமும் குரலும்தான் அவளுக்குக் கிடைத்தவை. "மயெல்லா மனதுக்குள் நினைத்தாள்" என்று தொடங்கும் வாக்கியத்தை நான் முழுதாகப் படிப்பதில்லை. சிவப்புக் கோடு போட்டுவிடுவேன்.