காப்பகப் பயிற்சிக்கு வரும் மாணவர்களே, அந்தக் கட்டை அவிழ்க்காதீர்கள்

நூலக அறிவியல் மாணவர்கள் ஆண்டுதோறும் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவுக்கு இன்டர்ன்ஷிப் வருகிறார்கள். முகங்கள்தான் புதியவை. கோளாறுகள் நாங்கள் பயிற்சிக்குப் போன காலத்தில் செய்த அதே கோளாறுகள். பேனா கூடாது, மேஜையில் டீ கூடாது என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தேதிவாரியாக அடுக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். இத்தனைக்கும் இதைச் செய்பவர் சோம்பேறி மாணவர் இல்லை, சுறுசுறுப்பான மாணவர்தான்.

புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுத்தே பழகியவர்களுக்குக் காகிதக் குவியலைக் கண்டால் கை துறுதுறுக்கும். புத்தகத்தை எந்த அலமாரிக்கு மாற்றினாலும் உள்ளே இருப்பது மாறாது. கடிதம் அப்படியில்லை. அதற்கு முன்னும் பின்னும் எது இருந்தது என்று தெரிந்தால்தான் பல சமயம் விஷயமே புரியும்.

மறைந்த தமிழ்ப் பேராசிரியர் ஒருவரின் காகிதங்கள் எங்களுக்கு வந்தன. பழைய நூலொன்றைச் சுவடிகளோடு ஒப்பிட்டுப் பதிப்பித்தவர். தனக்கு வந்த கடிதங்களைச் சிறுசிறு கட்டுகளாக டேக் போட்டு வைத்திருந்தார். பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி அத்தனையையும் அவிழ்த்து, துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்து, கடிதங்களை ஆண்டு, மாதம், தேதி என்று அடுக்கி, உறைகளைத் தனியாக ஒரு பையில் போட்டுவிட்டு, "முடிச்சாச்சு சார்" என்று வந்து நின்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அப்புறம் ஓர் ஆய்வாளர் வந்தார். பேராசிரியரின் குறிப்பேட்டில் ஒரு பாடபேதத்துக்கு, அதாவது சுவடிக்குச் சுவடி மாறுபடும் சொல்லுக்கு, பக்கத்தில் "கட்டு 7 பார்க்க" என்று இருந்தது. கட்டு 7 எங்கே? அதில் கேள்விக் கடிதமும், பேராசிரியர் எழுதிய பதிலின் நகலும், சுவடி வைத்திருந்தவரின் போஸ்ட்கார்டும் சேர்ந்து இருந்திருக்கும். இப்போது "நீங்கள் சொன்னதே சரி" என்று மட்டும் எழுதிய கார்டு ஒன்று கிடைக்கிறது. எந்த வரியைப் பற்றி? யாராலும் சொல்ல முடியாது. தேதி போடாத கடிதங்களுக்கு உறை மேலிருந்த தபால் முத்திரைதான் துப்பு. எந்த உறை எந்தக் கடிதத்துக்கு உரியது என்பதும் போய்விட்டது.

மூல வரிசையை, அதாவது காகிதங்களுக்கு உரியவர் வைத்திருந்த வரிசையை, குலைக்கக் கூடாது என்பது புதிய விதியும் இல்லை. 1898இல் நெதர்லாந்தின் முல்லர், ஃபெய்த், ஃப்ரூயின் மூவரும் எழுதிய கையேட்டிலேயே இருக்கிறது. தேர்வில் இதற்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியவர்கள்தான் இங்கே வந்து கட்டை அவிழ்க்கிறார்கள்!

பெட்டியைத் திறந்ததும் இருக்கிறபடியே படம் எடுங்கள். எந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று மேலோட்டமாக ஒரு பட்டியல் போடுங்கள். குண்டூசியை எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது சேர்த்து வைத்திருந்த தாள்கள் ஒரே மடிப்புக்குள் சேர்ந்தே இருக்கட்டும். உறையும் கடிதத்தோடு இருக்கட்டும். தேதிவரிசை வேண்டுமென்றால் கணினிப் பட்டியலில் நொடியில் வந்துவிடும். உறவினர்கள் சாக்கில் அள்ளிப் போட்டுக் கொண்டுவந்த காகிதங்களுக்கு வரிசை என்று ஒன்று இருக்காது, அவற்றை அடுக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் வரிசை இல்லை என்று முடிவு செய்வது பொறுப்பாளர் வேலை. அடுக்கிய பிறகு அதைப் பட்டியலிலும் எழுதி வைக்க வேண்டும்.

செல்லோடேப்

எந்தக் கிழிசலுக்கும் வேண்டாம்.

கையுறை

காகிதத்துக்குக் கழுவித் துடைத்த கையே போதும். துணிக் கையுறை போட்டால் விரலுக்குத் தாள் தெரியாது, ஓரம் கிழியும். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் நைட்ரில் என்ற செயற்கை ரப்பர் கையுறை.

தமிழ் ஆண்டுகள்

ஆங்கீரச வருஷம் தை மாதம் என்று கடிதத்தில் இருந்தால் 1932 என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கீரச 1932 சித்திரையில் தொடங்கியது, சரி. தை வருவதற்குள் ஜனவரி 1933 ஆகிவிடும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புவதால் 1873ஆகவும் இருக்கலாம், எனவே தாளையும் தபால் தலையையும் பாருங்கள். நாகர்கோவில் பக்கத்துக் கடிதம் என்றால் கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டு வரும். 1100 என்று கண்டு சோழர் காலத்துக்குப் போய்விட வேண்டாம், அது 1924-25. பட்டியலில் மூலத்தில் உள்ளதை அப்படியே எழுதி, நீங்கள் கணக்கிட்டதைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்

கடன் கேட்டு ஒருவர் எழுதிய கடிதத்தை, கையெழுத்து அழகாக இருக்கிறதென்று ஸ்டேட்டஸில் போட்டார் ஒரு மாணவர். எழுதியவரின் பேரன் அதே ஊரில் இருக்கிறார். வேலைக்காக எடுக்கும் படம் நூலகத்தின் கேமராவில் எடுக்கப்பட்டு, நூலகத்தின் கணினியிலேயே இருக்கட்டும்.