ஃபின் காபியும் பான் மீயும்: வீட்டிலேயே செய்யும் முறை

ஊறுகாயிலிருந்து தொடங்குங்கள், காபி கடைசியில். பான் மீ என்பது வியட்நாமின் சாண்ட்விச். அதன் ரொட்டிக்குள் வைக்கும் முள்ளங்கியும் கேரட்டும் ஊறக் குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். ஃபின் என்ற சிறிய வடிகட்டியில் காபி சொட்டி முடிய ஐந்து நிமிடம் போதும்.

காபியும் நீள ரொட்டியும் பிரெஞ்சுக்காரர்கள் வழியாக வியட்நாமுக்கு வந்தவை. 1954இல் நாடு பிரிந்தபோது வடக்கிலிருந்து தெற்கே சைகோன் நகரத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். ரொட்டியைப் பிளந்து, எல்லாவற்றையும் உள்ளே அடைத்து, கையில் எடுத்துப் போகும்படி விற்கும் பழக்கம் அந்தக் காலத்தில்தான் அங்கே பரவியது. 1958இல் தொடங்கிய ஹோவா மா கடை அப்படிப்பட்டது.

ஊறுகாய்

வெள்ளை முள்ளங்கி ஒன்று, கேரட் ஒன்று. தீக்குச்சியைவிடச் சற்றுத் தடிமனாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் உப்பும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் போட்டுப் பிசையுங்கள். ஒரு முள்ளங்கித் துண்டை எடுத்து இரண்டு முனையும் தொடும்படி வளைத்துப் பாருங்கள். உடையாமல் வளைந்தால் பதம் வந்துவிட்டது. அலசி, நன்றாகப் பிழிந்து, அரை கப் வினிகர், அரை கப் வெதுவெதுப்பான தண்ணீர், கால் கப் சர்க்கரை கலந்த கலவையில் மூழ்க விடுங்கள். பிழியாமல் போட்டால் முள்ளங்கி விடும் தண்ணீரில் புளிப்பு நீர்த்துவிடும். பாட்டிலைத் திறந்ததும் முள்ளங்கி வாடை தூக்கலாக வரும். அது கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை.

ரொட்டி

மேலே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு பேக்கரியிலேயே பகெட் என்ற பிரெஞ்சு நீள ரொட்டி கிடைக்கும். அதில் குட்டையானதாகப் பார்த்து வாங்குங்கள். பர்கர் பன் வேண்டவே வேண்டாம், இனிப்பும் மென்மையும் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ரொட்டி மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, 180 டிகிரி அவனில் ஐந்து நிமிடம். ஏர் ஃப்ரையரில் மூன்று நிமிடம்.

ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி பிளந்து, உள்ளிருக்கும் சதையைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஓரம் வரை மயோனைஸ் தடவினால் ஈரம் இறங்காது. அசல் கடைகளில் ஈரலை மசித்துச் செய்யும் பாத்தேயும் பன்றி இறைச்சி வகைகளும் வைப்பார்கள். வீட்டுக்கு எனக்குப் பிடித்தது முட்டை வைத்ததுதான்: மஞ்சள் கரு இளகியிருக்கும்படி இரண்டு ஆஃப்பாயில், மேலே சில சொட்டு சோயா சாஸ், பிழிந்த ஊறுகாய், நீளவாக்கில் வெட்டிய வெள்ளரி, காம்போடு கொத்தமல்லி, வட்டமாக நறுக்கிய மிளகாய்.

காபி

ஃபின் என்பது டம்ளர் மேல் உட்காரும் சிறிய வடிகட்டி. தட்டு, கிண்ணம், உள்ளே வைக்கும் அமுக்கி, மூடி, அவ்வளவுதான். அமுக்கியில் திருகு வைத்ததும் உண்டு, சும்மா மேலே வைப்பதும் உண்டு. புதிதாக வாங்குபவர்கள் திருகு இல்லாத ஸ்டீல் ஃபின்னையே வாங்குங்கள். திருகை எவ்வளவு இறுக்குவது என்ற தலைவலியே இருக்காது.

தூள்தான் பலருக்கும் சறுக்கும் இடம். வீட்டிலிருக்கும் ஃபில்டர் காபித் தூளைப் போட்டால் சொட்டுவதே நின்றுவிடும். அது மிக நைஸாக அரைத்தது, சிக்கரியும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். காபிக் கடையில் "ரொபஸ்டா பீபெரி, நல்ல கருவறுவல், சிக்கரி வேண்டாம், ரவைப் பதம்" என்று கேளுங்கள். வியட்நாமில் விளைவதில் பெரும்பங்கு ரொபஸ்டா என்ற கசப்பு தூக்கலான காபி வகைதான். அந்தக் கசப்பு இருந்தால்தான் கண்டென்ஸ்டு மில்க்கின் இனிப்பைத் தாங்கும்.

டம்ளரில் இரண்டு டேபிள்ஸ்பூன் கண்டென்ஸ்டு மில்க். ஃபின்னில் 20 கிராம் தூள். தட்டிச் சமப்படுத்தி, அமுக்கியை வையுங்கள், அழுத்த வேண்டாம். கொதித்து அரை நிமிடம் ஆறிய தண்ணீரில் 25 மில்லி மட்டும் ஊற்றி, அரை நிமிடம் காத்திருங்கள். இதை விடவே கூடாது. தூள் நனைந்து உப்பி, உள்ளே இருக்கும் காற்று வெளியேறும் நேரம் இது. எல்லாத் தண்ணீரையும் ஒரே தடவையில் ஊற்றினால் நனையாத தூள் அங்கங்கே நின்றுவிடும், தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும், டிகாக்‌ஷன் வெளிறிப் போகும். அப்புறம் 80 மில்லியை அமுக்கியின் நடுவில் மெதுவாக ஊற்றி மூடுங்கள். வேகமாக ஊற்றினால் அமுக்கி சரிந்து தூள் மேலே ஏறிவிடும்.

நான்கு, ஐந்து நிமிடத்தில் முடிந்தால் சரி. மூன்றுக்குள் முடிந்தால் அடுத்த முறை தூளைக் கொஞ்சம் நைஸாக அரைக்கச் சொல்லுங்கள். ஏழு நிமிடத்தைத் தாண்டினால் கொஞ்சம் பெரிதாக அரைக்கச் சொல்லுங்கள். சூட்டோடு நன்றாகக் கலக்கிவிட்டு ஐஸ் நிறைந்த டம்ளரில் ஊற்றுங்கள். ஐஸ் போட்ட பிறகு கலக்கினால் கண்டென்ஸ்டு மில்க் அடியிலேயே தங்கிவிடும்.

பிற்சேர்க்கை: முட்டை சாப்பிடாதவர்கள் என்ன வைப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். வியட்நாமிலேயே சைவ பான் மீ உண்டு. பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் 1, 15 தேதிகளில் சைவம் சாப்பிடுவார்கள். டோஃபுவைப் பட்டையாக வெட்டி, ஈரத்தை ஒற்றி எடுத்து, இரண்டு பக்கமும் சிவக்க வறுத்து, சோயா சாஸும் துளி சர்க்கரையும் விட்டுப் புரட்டுங்கள். மயோனைஸ் வாங்கும்போது முட்டை சேர்க்காதது என்று பார்த்து வாங்குங்கள். பனீரிலும் செய்து பார்த்தேன், ஊறுகாயின் புளிப்போடு அது சேரவில்லை.