மனதில் நியமித்தபடி மகிழ்ச்சியாய்க் கொடுப்பது எப்படி?

எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்காகக் காணிக்கை சேர்க்கப்பட்டதைப் பற்றி, கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8, 9ஆம் அதிகாரங்களில் அப்போஸ்தலனாகிய பவுல் விரிவாகப் பேசுகிறார். கொடிய தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியா சபையார், இந்த உதவியில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று அவரை வருந்திக் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கிருந்த சந்தோஷம் நமக்கும் வாய்க்க வேண்டுமானால், கொடுப்பதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

விசனமும் கட்டாயமும் இல்லாமல் அவனவன் தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன் என்கிறது 9:7. காணிக்கைப் பை நம் வரிசைக்கு வந்தபின் அவசரமாகப் பணப்பையைத் திறந்து, பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரே என்ற நினைப்போடு கையில் அகப்பட்ட தாளைப் போடும்போது, மனம் எதையுமே நியமித்திருப்பதில்லை. ஆகவே வருமானம் கைக்கு வந்த அன்றே, மற்றச் செலவுகளுக்கு முன்பாக, ஜெபித்து ஒரு தொகையைக் குறித்துத் தனி உறையில் எடுத்து வையுங்கள். வாரத்தின் முதல்நாள்தோறும் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்து வைக்கும்படி பவுல் சொன்னதும் (1 கொரிந்தியர் 16:2) இதைத்தான். அப்படிப் பிரித்து வைத்த பணத்தின்மேல் நம் பிடி தளர்ந்துவிடுகிறது. பிறகு ஒருவருடைய தேவை கண்ணில் படும்போது, கொடுக்கலாமா வேண்டாமா என்ற இழுபறி நீங்கி, இது யாருக்குச் சேரவேண்டும் என்று ஆவலோடு தேடத் தொடங்குகிறோம். கொடுப்பதன் இன்பத்தில் பெரும்பங்கு இந்தத் தேடலில் கிடைக்கிறது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

எவ்வளவு என்பதில் சபைகளிடையே ஒரே கருத்து இல்லை. பத்தில் ஒரு பங்கைப் பலர் தொடக்கமாகக் கொள்கிறார்கள். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே காணிக்கை அங்கிகரிக்கப்படும் (2 கொரிந்தியர் 8:12) என்பதால், கடன் வாங்கிக் கொடுக்கத் தேவையில்லை. காணிக்கையைக் காரணம் காட்டிப் பெற்றோரைக் கைவிடுவதையோ இயேசுவே கண்டித்திருக்கிறார் (மாற்கு 7). தனக்கு உண்டாயிருந்ததையெல்லாம் காணிக்கைப் பெட்டியில் போட்ட ஏழை விதவையின் இரண்டு காசுகளைச் சுட்டிக்காட்டி இல்லாதவர்களை நெருக்குகிறவர்கள், அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரைக் குறித்து இயேசு எச்சரித்ததையும் (மாற்கு 12:40) சேர்த்து வாசிக்க வேண்டும்.

அடுத்து, வாங்குகிறவர் தலைகுனியாதபடி கொடுக்க வேண்டும். இதற்கு ரூத்தின் சரித்திரத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்பது நியாயப்பிரமாணம் (லேவியராகமம் 19:9-10). ஏழை விதவையான ரூத் கதிர் பொறுக்க வந்த வயலின் சொந்தக்காரனாகிய போவாஸ் அதோடு நிற்கவில்லை; அரிக்கட்டுகளிலிருந்து சிலவற்றை வேண்டுமென்றே சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்று வேலைக்காரருக்குக் கட்டளையிட்டான். சாயங்காலத்தில் ரூத் தான் பொறுக்கிச் சேர்த்த கதிர்களைத் தானே தட்டியெடுத்துத் தன் மாமியாரிடம் கொண்டுபோனாள். நாமும் அப்படியே, பிள்ளையின் கல்விக் கட்டணத்தை நேரடியாகப் பள்ளியில் செலுத்திவிடலாம். வேலையற்றவருக்கு நியாயமான கூலியோடு வேலை கொடுக்கலாம். உதவி பெறுகிறவரைப் புகைப்படம் எடுப்பதை அறவே தவிர்த்துவிடுங்கள். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற கட்டளை (மத்தேயு 6:3) நம் கைப்பேசிக்கும் பொருந்தும்.

பலருடைய காணிக்கை ஒன்றுசேரும் இடத்தில் மட்டும் கணக்கு வெளிச்சத்தில் இருக்க வேண்டும். பவுலும் குற்றச்சாட்டுக்கு இடமில்லாதபடி, தன் உடன்வேலையாளாகிய தீத்துவோடு சபைகளால் ஏற்படுத்தப்பட்ட சகோதரரையும் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18-21). பணத்தை எண்ணும்போது இருவராவது உடனிருப்பதும், வரவுசெலவைச் சபையார் முன் வாசிப்பதும் நல்ல ஒழுங்கு.

வருமானம் மாறும்போதெல்லாம் குடும்பமாக அமர்ந்து தொகையைப் புதிதாய் நியமியுங்கள். பிள்ளைகள் தங்கள் சேமிப்பிலிருந்து எவ்வளவு, யாருக்கு என்பதை அவர்களே சொல்லட்டும்.