குழுவில் “இது என்ன பறவை?” என்று கேட்பது எப்படி: படம், குரல், நாலு வரி

பறவை ஆர்வலர்கள் இருக்கும் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் தினமும் வந்து விழும் கேள்வி இது. கூடவே ஒரு மங்கலான படம் இருக்கும். “தெளிவா இல்லையே”, “வேற படம் இருக்கா?”, “எந்த ஊர்ல, எப்ப பார்த்தீங்க?” என்று பதில்கள் வரும். கேட்டவருக்குக் குழப்பம், ஏனென்றால் அவர் போனில் பறவை நன்றாகத்தான் தெரிகிறது. நடுவில் என்ன ஆகிறது, அதைத் தடுப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. ஆப் நிறுவுவது, குழுவில் சேர்வது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. படம் எடுக்கும்போது

பறவையைப் பார்த்ததும் இருக்கும் இடத்தில் இருந்தே முதலில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கிட்டே போவது அதன் பிறகு. தூரத்துப் படம் மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, பறந்து போன பறவைக்கு அதுவே சாட்சி.

அழகான கோணத்தை விட அடையாளம் தெரியும் கோணம் முக்கியம். அலகு பக்கவாட்டில் தெரிய வேண்டும். ஊதாத் தேன்சிட்டின் பெட்டையும் லோட்டன் தேன்சிட்டின் பெட்டையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்: மேலே மங்கிய ஆலிவ் நிறம், கீழே மஞ்சள். லோட்டனின் அலகு நன்றாக நீண்டு, அரிவாள் போல வளைந்திருக்கும். நேருக்கு நேர் எடுத்த படத்தில் அந்த வளைவு தெரியாது. எவ்வளவு தெளிவான படமானாலும் “தேன்சிட்டு” என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

கொக்குகளுக்கு அலகோடு காலும் வேண்டும். சின்ன வெண்கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். பெரிய வெண்கொக்குக்குப் பாதமும் கறுப்பு. வாயின் ஓரக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தர வெண்கொக்குக்கு அந்தக் கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். ஆகவே தலை ஒரு படம், கொக்கு காலைத் தூக்கும்போது ஒரு படம் என்று குறைந்தது இரண்டு எடுங்கள்.

வெள்ளைப் பறவை வெயிலில் நின்றால் இறகெல்லாம் வெளிறிப் போய் வெறும் வெள்ளைத் திட்டாகும். திரையில் பறவையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். வானத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும் பறவை கறுப்பு நிழலாக வரும். அப்போது மேலே இழுக்க வேண்டும்.

துறுதுறுவென்று ஓடும் சிறு பறவைகளுக்கு என் தேர்வு வீடியோ. 4கே வீடியோவின் ஒவ்வொரு சட்டகமும் 3840க்கு 2160, அதாவது சுமார் 8 மெகாபிக்சல் படம். நல்ல சட்டகத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். வாலை ஆட்டியதா, விசிறி போல விரித்ததா என்பதும் அதில் பதிவாகிவிடும்.

“அழகூட்டு”, “ஏஐ தெளிவு” போன்றவற்றை அணைத்துவிடுங்கள். இல்லாத இறகுக் கோடுகளை அவை தாமாகவே வரைந்துவிடும். மார்பில் கோடு உண்டா இல்லையா என்பதை வைத்துத்தான் பல பறவைகளைப் பிரிக்கிறோம்.

2. அனுப்பும் முன் வெட்டுங்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். எனவே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 பிக்சல். அதில் கொக்கு 300 பிக்சல் உயரம் என்று வையுங்கள். உங்கள் போனில் விரலால் பெரிதாக்கினால் பாதம் மஞ்சள் என்று தெரிகிறது. அதை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலாகச் சுருங்கும். கொக்கின் உயரம் 120 ஆகிவிடும். பரப்பளவில் பார்த்தால் பழைய விவரத்தில் ஆறில் ஒரு பங்குதான் மிச்சம்.

இதோடு முடியவில்லை. படத்தைச் சுருக்கும் ஜேபெக் முறை, வெளிச்ச விவரத்தை விட நிற விவரத்தைக் குறைவாகவே சேமிக்கும். நாலைந்து பிக்சல் அளவே உள்ள பாதத்தின் மஞ்சள், சுற்றியிருக்கும் சேற்று நிறத்தோடு கலந்துவிடும். குழுவில் இருப்பவருக்குத் தெரிவது பழுப்புக் கால் கொண்ட ஒரு வெள்ளைப் பறவை. அவர் “நடுத்தர வெண்கொக்கு?” என்று கேட்டால் அது அவர் தப்பல்ல.

தீர்வு எளிது. பறவையைச் சுற்றி முதலில் வெட்டிவிட்டு அனுப்புங்கள்:

- படத்தை கேலரியில் திறந்து, எடிட் போய், க்ராப் தொடுங்கள்.
- பறவையின் உடல் அளவுக்கு நாலு புறமும் இடம் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் எந்தக் கிளை, எந்தத் தரை என்பது போய்விடும்.
- “நகலாகச் சேமி” கொடுங்கள். மூலப் படம் அப்படியே இருக்க வேண்டும்.
- வெட்டிய படம் 1200க்கு 900 என்று இருந்தால் 1600க்கு உள்ளேதான் இருக்கிறது. சுருங்க வேலையில்லை. கொக்கு அதே 300 பிக்சலோடு போய்ச் சேரும்.
- கூடவே வெட்டாத முழுப் படம் ஒன்றையும் அனுப்புங்கள். சுற்றுப்புறம் பார்க்க அது போதும்.

எச்டி பொத்தானை அழுத்தினாலும் ஓரளவு உதவும். ஆனால் அதை நம்பி வெட்டாமல் விட வேண்டாம். 50 மெகாபிக்சல் முறையில் எடுப்பவர்களுக்கு வெட்டுவது இன்னும் அவசியம், ஏனென்றால் பெரிய படம் அதிகமாகச் சுருங்கும்.

பெரிதாக்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பறவை பெரிதாகத் தெரிந்தாலும் விவரம் கூடாது. படம் எடுத்த தேதியும் நேரமும்கூடப் போய்விடும்.

கேமராவின் பின்திரையைப் போனால் படம் பிடித்து அனுப்புவது பலருடைய வழக்கம். வரி வரியாக அலை விழுந்து நிறம் மாறிவிடும். கேமராவில் வைஃபை இருந்தால் படத்தை நேராகப் போனுக்கு மாற்றுங்கள். வேறு வழியே இல்லையென்றால் திரையில் பறவையை முழுசாகப் பெரிதாக்கி, நிழலில் நின்று, போனை நேராகப் பிடித்து எடுங்கள்.

*பிறகு சேர்த்தது:* ஐபோனில் இருந்து ஃபைலாக அனுப்பும் படம் சிலருக்குத் திறக்கவில்லை என்கிறார்கள். அது ஹெயிக் வகைப் படம். செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ் போய் “மோஸ்ட் கம்பாட்டிபிள்” என்று மாற்றினால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும்.

3. டாகுமென்டாக அனுப்பினால் இடமும் கூடவே போகும்

படத்தை டாகுமென்டாக அனுப்பினால் துளியும் சுருங்காது. சந்தேகமான பறவைக்கு அதுதான் சிறந்த வழி. ஆனால் படத்துக்குள் கேமரா எழுதி வைக்கும் தேதி, நேரம், இடம் போன்ற எக்ஸிஃப் தகவலும் அப்படியே போய்விடும். கேமராவில் இடக்குறிப்பு இயக்கத்தில் இருந்தால் நீங்கள் நின்ற இடத்தின் துல்லியமான ஆயத்தொலைவு அதில் இருக்கும். படத்தைச் சாதாரணமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் இதை நீக்கிவிடுகிறது, டாகுமென்டில் நீக்குவதில்லை.

வீட்டு மொட்டை மாடியில் எடுத்த படமென்றால் உங்கள் வீட்டு முகவரி போகிறது. கூட்டின் அருகே எடுத்த படமென்றால் கூட்டின் முகவரி போகிறது. இருநூறு பேர் இருக்கும் குழுவில் நாலு பேர் நேரில் பார்க்கக் கிளம்பினாலே தாய்ப்பறவை முட்டையை விட்டு எழுந்து எழுந்து போகும். அந்த இடைவெளியில் முட்டை சூடாறும், காக்கை வந்து தூக்கிப் போகும். ஆந்தை அடையும் மரத்துக்கும் இதே கதிதான். பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்ட் தளமே சில அரிய இனங்களின் துல்லிய இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது.

கேமரா செட்டிங்ஸில் இடக்குறிப்பை அணைத்துவிடுவது ஒரே தடவையில் முடிகிற வேலை. ஐபோனில் பகிரும்போது மேலே வரும் “ஆப்ஷன்ஸ்” தொட்டு இடத்தை நீக்கலாம். கூட்டுப் படத்தைக் குழுவில் போடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. என்ன பறவை என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால், நம்பிக்கையான ஒருவருக்குத் தனியாக அனுப்புங்கள்.

4. குரல்

வாய்ஸ் நோட் வேண்டாம். அது மனிதப் பேச்சுக்காக அமைக்கப்பட்டது. இரைச்சல் குறைப்பு என்ற பெயரில், ஒரே மாதிரி தொடரும் ஒலியை இரைச்சல் என்று எண்ணி அமுக்கும். தேன்சிட்டு, பூக்கொத்தி போன்றவற்றின் மெல்லிய கீச்சொலி அதில் தேய்ந்துவிடும்.

ரெக்கார்டர் ஆப்பில் வேவ் (ஒலியைச் சுருக்காத) வகை, 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் ஏறத்தாழ 6 எம்பி ஆகும். என் விருப்பம், பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் ஆப்: பதிவையும் வேவ் ஃபைலாகச் சேமிக்கும், ஓடும்போதே ஒலியின் வரைபடத்தையும் காட்டும். ஐபோனின் வாய்ஸ் மெமோஸ் வைத்திருப்பவர்கள் அதன் ஆடியோ தரத்தை “லாஸ்லெஸ்” ஆக்கிக்கொள்ளுங்கள்.

போனின் மைக் கீழ் விளிம்பில் இருக்கிறது. அந்த விளிம்பைப் பறவை இருக்கும் பக்கம் திருப்பிப் பிடியுங்கள், விரலால் மறைக்காதீர்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். ஏரோபிளேன் மோடு போடுங்கள். அரை நிமிடம் அசையாமல் எடுத்தால் போதும். பறவை நின்ற பிறகு மூன்று விநாடி விட்டு, “கூவினது இடது பக்க மரத்துல, பறவை கண்ணுக்குத் தெரியல” என்று உங்கள் குரலில் சொல்லி முடியுங்கள். நடுவில் பேசினால் அந்தப் பகுதி பயன்படாது. இதையும் டாகுமென்டாகவே அனுப்புங்கள்.

மெர்லினில் உங்கள் பகுதிக்கான தொகுப்பை இறக்கவில்லை என்றாலோ, இடமும் தேதியும் சரியாக இல்லை என்றாலோ சம்பந்தமில்லாத பெயர்கள் வரும். எல்லாம் சரியாக இருந்தாலும் அது தருவது ஒரு யோசனைதான். துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடும். திரையில் ஐந்து பெயர் வரிசையாக ஒளிரலாம், மரத்தில் இருப்பது ஒரே கரிச்சான்.

பதிவு செய்த குரலையே அங்கே திரும்பத் திரும்பப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எல்லைக்குள் போட்டியாளன் வந்துவிட்டான் என்று ஆண் பறவை இரையை விட்டுவிட்டு அலையும்.

5. நாலு வரி

மெர்லினையோ கையேட்டையோ திறப்பதற்கு முன்னால் இதை எழுதிவிடுங்கள். படத்தைப் பார்த்த பிறகு நம் நினைவு அந்தப் படத்துக்கு ஏற்ப வளைந்துகொள்ளும். பார்க்காத வெள்ளைப் புருவமும் பார்த்ததாகவே தோன்றும்.

அளவைச் சென்டிமீட்டரில் சொல்ல வேண்டாம். சிட்டுக்குருவி, மைனா, மாடப்புறா, காகம், பருந்து: இந்த ஐந்தில் எதை விடப் பெரிது, எதை விடச் சிறிது என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஒரு மாதிரி:

“ஜனவரி 12, காலை 7.20. ஏரிக்கரை, நாணல் ஓரம். சிட்டுக்குருவி அளவுதான், ஆனா ஒல்லி. மேலே ஒரே பழுப்பு, இறக்கையில பட்டை எதுவும் தெரியல. புதருக்குள்ளேயே தாழ்வா சுத்திக்கிட்டு இருந்தது. விட்டு விட்டு ‘சக்… சக்’னு ஒத்தைக் குரல். படம் 2, பதிவு 1.”

படத்தைத் திறக்கும் முன்பே இதில் பாதி வேலை முடிந்துவிட்டது. ஜனவரி என்பதால் வலசை வந்த கதிர்க்குருவியாக இருக்கலாம். பச்சைக் கதிர்க்குருவி பெரும்பாலும் மரத்தின் மேல்பகுதியில் திரியும், ஈரசைக் குரல் கொடுக்கும், இறக்கையில் மெல்லிய பட்டை இருக்கும். தாழ்ந்த புதர், ஒற்றை “சக்”, பட்டையில்லாத பழுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் பிளைத் நாணல் கதிர்க்குருவி பக்கம் யோசிக்கலாம். இங்கே படத்தை விட அந்த “சக்” பெரிய உதவி.

ஊர்ப்பெயர் பற்றி ஒரு வார்த்தை. கரிச்சான், இரட்டைவால் குருவி, கரிக்குருவி எல்லாம் ஒரே பறவையைக் குறிக்கலாம். உங்களுக்குத் தெரிந்த பெயரையே எழுதுங்கள், கூடவே நிறத்தையும் வாலையும் சொல்லிவிடுங்கள்.

ஒரே படத்தில் பல பறவைகள் இருந்தால் வட்டம் போட்டு அனுப்புங்கள். “அந்த இடது பக்கத்துல இருக்கிறது” என்றால் மூன்று பேர் மூன்று பறவையைப் பார்த்துப் பதில் சொல்வார்கள்.

6. பதில் வந்த பிறகு

பெயர் மட்டும் வந்தால் “எதை வச்சு சொல்றீங்க?” என்று தயங்காமல் கேளுங்கள். தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்வதற்கு ஆசையாகவே இருப்பார்கள். பதில் சொல்பவர்களும் பெயரோடு ஒரு காரணம் சேர்த்துவிடுங்கள். “பெண் குயில்” என்று நிறுத்துவதை விட “பெண் குயில்; பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, சிவப்புக் கண்” என்று எழுதினால், அடுத்த முறை அதே கேள்வி வராது.

இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் ஓட்டெடுப்பு நடத்தாதீர்கள். இன்னொரு படம், இன்னொரு பதிவு இருந்தால் எடுத்துப் போடுங்கள். அப்போதும் முடியவில்லை என்றால் ஈபேர்டில் “இதுவோ அதுவோ” என்று இரண்டு இனத்தையும் சேர்த்துக் குறிக்கும் வரி உண்டு, “கதிர்க்குருவி வகை” என்று மட்டும் குறிக்கவும் வழி உண்டு. 2002இல் தொடங்கிய அந்தத் தளத்துக்குத் தவறான உறுதியை விட நேர்மையான சந்தேகம் பயனுள்ளது.

*பிறகு சேர்த்தது:* தானாக மறையும் செய்திகளை இயக்கியிருக்கும் குழுக்களில் பதிலும் காரணமும் சேர்ந்தே அழிந்துவிடுகின்றன. பதில் வந்த அன்றே மூலப் படத்தின் பெயரைத் தேதி, இடம், பறவை என்ற வரிசையில் மாற்றி வைத்து, காரணத்தை ஒரு வரியாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.