பழைய டெஸ்ட்ராயர் ஒண்ணோட முழு கதையை தேடுறது எப்படி

முதல் உலகப்போர் சமயத்துல அமெரிக்கா கட்ட ஆரம்பிச்ச நாலு புகைபோக்கி டெஸ்ட்ராயர்கள்ல (வேகமான சின்ன போர்க்கப்பல்கள்) ஒண்ணோட கதையை தேடுறீங்கன்னா பேர் பின்னாடி போகாதீங்க, நம்பரை பிடிங்க. பேரை வேற கப்பலுக்கும் வைப்பாங்க. 131ம் நம்பர் புக்கனன் 1940ல பிரிட்டனுக்கு போய் கேம்பல்டவுன்னு பேர் மாறிடுச்சு, ஆனா 1942ல அமெரிக்காகிட்ட இன்னொரு புக்கனன் இருக்கு, நான் ரெண்டையும் போட்டு குழப்பி ஒரு வாரம் வீணாப்போச்சு.

அடுத்து மூணு தேதி எடுங்க. கீல் (கப்பலோட அடித்தண்டு) போட்டது, தண்ணில இறக்குனது, கடற்படைல சேர்த்தது. 139ம் நம்பர் வார்டுக்கு 1918 மே 15ல கீல் போட்டு ஜூன் 1ல இறக்கிட்டாங்க, வெறும் 17 நாள், அதைக் கட்டுன மேர் ஐலண்ட் கடற்படை தளத்து ஆளுங்களை நினைச்சா இன்னைக்கும் சிலிர்க்குது. ஆனா அது சாதனைக்காக ஓடுன ஓட்டம், மத்த கப்பலுக்கு மாசக்கணக்குல ஆச்சு.

எந்த யார்டுல (கப்பல் கட்டுற தளம்) கட்டுனாங்கன்னு கண்டிப்பா பாருங்க. இந்த டெஸ்ட்ராயர்கள்ல விக்ஸ் வகுப்புல 111, கிளெம்சன் வகுப்புல 156 கப்பல், வெளில ஒரே மாதிரி இருந்தாலும் பாய்லர் யார்டுக்கு யார்டு மாறும். ‘யாரோ’ (Yarrow)ங்கிற வகை பாய்லர் போட்டதெல்லாம் சீக்கிரம் தேஞ்சுபோச்சு, அதனால உங்க கப்பல் 1930 வாக்குல காணாம போச்சுன்னா முதல்ல பாய்லரைத்தான் சந்தேகப்படணும்.

போட்டோ கிடைச்சா புகைபோக்கியை எண்ணுங்க. ரெண்டுதான் இருக்கா? எந்தப் பக்கம் போயிருக்குன்னு பாருங்க. வார்டுல முன்னாடி பாய்லரை எடுத்துட்டு அந்த இடத்துல படைவீரங்க தங்க வச்சாங்க, அதனால முன்னாடி ரெண்டும் போச்சு. கேம்பல்டவுன்ல பின்னாடி ரெண்டு போச்சு, 1942 மார்ச்ல பிரான்ஸ்ல இருக்கிற செயின்ட் நசேர் துறைமுகத் தாக்குதலுக்காக ஜெர்மன் கப்பல் மாதிரி வேஷம் போட்டாங்க.

இப்படி வேலை மாறுறப்போ நம்பரும் மாறலாம், வார்டு டிடி-139ல (டிடின்னா டெஸ்ட்ராயர்) இருந்து ஏபிடி-16 (ஏபிடின்னா படைவீரங்களை ஏத்திட்டு போற கப்பல்) ஆச்சு. தடம் அறுந்துடுச்சுன்னா அந்த எழுத்து மாற்றத்தை தேடுங்க. டிஎம்னா கண்ணிவெடி போடுறது, டிஎம்எஸ்னா கண்ணிவெடி வாருறது.

கொடி மாறுனதையும் விட்டுடாதீங்க. 224ம் நம்பர் ஸ்டூவர்ட் 1942ல இந்தோனேசியாவுல சுரபாயா துறைமுகத்து ரிப்பேர் டாக்ல சாஞ்சு கிடந்தது, ஜப்பான்காரங்க அதை தூக்கி சரிபண்ணி ரோந்துக்கப்பலா ஓட்டுனாங்க. 1945ல அமெரிக்காவுக்கு திரும்பி வந்தப்போ ஸ்டூவர்ட்ங்கிற பேர் வேற கப்பல்கிட்ட இருந்ததால வெறும் டிடி-224ன்னுதான் சேத்துக்கிட்டாங்க, 1946 மே மாசம் சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல குண்டுப்பயிற்சில மூழ்கடிக்கிற வரைக்கும் அந்த நம்பர்தான் அதுக்கு பேர்.