ஆடிப் பிம்ப மூலக்கூறுகளைச் சூப்பர்கிரிட்டிகல் குரோமடோகிராபியில் பிரிக்கும் முறை

ஒரு கைரல் மூலக்கூறின் (தன் ஆடிப் பிம்பத்தோடு பொருந்தாத மூலக்கூறின்) இரு எனன்சியோமர்களுக்கும், அதாவது ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு வடிவங்களுக்கும், உருகுநிலையும் புற ஊதா நிறமாலையும் ஒன்றே என்பதால், அவற்றை வேறு பிரித்தறிய இன்னொரு கைரல் பொருள் தேவைப்படுகிறது. சூப்பர்கிரிட்டிகல் குரோமடோகிராபியில், அதாவது அழுத்திய கார்பன் டை ஆக்சைடை ஆல்கஹாலோடு கலந்து ஓட்டிப் பிரிக்கும் முறையில், அந்தப் பொருள் இருப்பது பிரிகைக் குழாயினுள். ஆகவே நேரத்தைக் குழாயைத் தேர்வதில்தான் செலவிட வேண்டுமே தவிர, அழுத்தத்தையும் வெப்பநிலையையும் மாற்றிக்கொண்டிருப்பதில் அல்ல.

எது எந்தக் குழாயில் பிரியும் என்பதை மூலக்கூறின் அமைப்பை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல இயலாது. டைமெத்தில்ஃபீனைல் கார்பமேட்டாக மாற்றிய அமைலோஸ், அவ்வாறே மாற்றிய செல்லுலோஸ், டைகுளோரோஃபீனைல் வகைச் செல்லுலோஸ் எனச் சில குழாய்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் மெத்தனால், எத்தனால், ஐசோபுரோப்பனால் மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடின் பாகுநிலை குறைவு என்பதால் ஓர் ஓட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முழுத் தொகுப்பையும் இரவில் தானாக ஓடவிடலாம்.

4.6 மி.மீ. உள்விட்டமும் 150 மி.மீ. நீளமும் கொண்ட குழாய்க்கு நிமிடத்துக்கு 3 மி.லி. ஓட்டம், 40 டிகிரி செல்சியஸ், 120 முதல் 150 பார் வரையிலான பின்னழுத்தம், 5 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடு வரை ஏறும் ஆல்கஹால் ஆகியவை நல்ல தொடக்கம். கார்பன் டை ஆக்சைடின் நிலைமாறு புள்ளி (இதற்கு மேல் வாயுவும் திரவமும் வேறுபடாது) 31.1 டிகிரியும் 73.8 பாரும் ஆகும். ஆல்கஹால் அதிகம் சேர்ந்த கலவை பெரும்பாலும் அந்த எல்லைக்குள் வராது. பெயருக்குத்தான் சூப்பர்கிரிட்டிகல், பிரிப்புக்கு அதனால் கேடில்லை.

அமீன்கள் வால் நீண்ட முகடுகளாக (உணரி வரையும் கோட்டில் எழும் மேடுகளாக) வெளிவந்தால் ஆல்கஹாலில் 0.1 விழுக்காடு டைஎத்தில்அமீனும், அமிலங்களுக்கு அதே அளவு டிரைஃபுளூரோஅசிட்டிக் அமிலமும் சேர்க்க வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே குழாயில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். முந்தையது உள்ளே தங்கி அடுத்த முடிவைத் திரிக்கும். மெத்தனாலில் கரைத்த மாதிரியை அதிகம் செலுத்தினால் முகடு முன்புறம் உப்பிச் சிதையும். குழாயின் பொருள் பிணைக்கப்படாமல் பூசப்பட்டது மட்டுமே என்றால், டைகுளோரோமீத்தேன், டெட்ராஹைட்ரோஃபியூரான் போன்ற கரைப்பான்கள் ஒரு துளிகூட உள்ளே போகக்கூடாது.

பிரிதிறன் (இரு முகடுகளும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு) 1.5ஐத் தாண்டிய பின் ஆல்கஹாலை மாறா விழுக்காட்டில் நிறுத்தி ஓட்டுங்கள். இரு எனன்சியோமர்களும் சம அளவில் உள்ள சுழிமாய்க் கலவையாயின் இரு முகடுகளின் பரப்பும் சமமாக இருக்க வேண்டும். இல்லையேல், ஒன்றின் அடியில் மாசு ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறை நிறமாலை இரண்டிலும் ஒன்றாகவே வரும் என்பதால், வட்ட இருநிறத்தன்மை உணரியில் (இடம்சுழி, வலம்சுழி ஒளிகள் உறிஞ்சப்படும் வேறுபாட்டை அளப்பது) எதிரெதிர்க் குறிகள் தெரிவதே நல்ல சான்று. சிறிதளவு கலந்துள்ள எனன்சியோமரை அளவிடுவதானால், அது பெரிய முகட்டுக்கு முன்னே வரும் குழாயையே தேர்ந்தெடுங்கள். பின்னே வந்தால் பெரியதன் வாலில் மறைந்துவிடும்.

கிராம் கணக்கில் சேகரிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு தானாக நீங்கிவிட, சிறிது ஆல்கஹால் மட்டுமே ஆவியாக்க எஞ்சும். அதில் டிரைஃபுளூரோஅசிட்டிக் அமிலம் இருந்தால் எச்சரிக்கை தேவை: மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்க, அமிலமோ 72 டிகிரியில் கொதிப்பதால் கடைசியில் அதன் செறிவு ஏறும். கார்பாக்சிலிக் அமிலங்கள் அப்போது மெத்தில் எஸ்டராக மாறக்கூடும் என்பதால், சூடேற்றாமல் குறைந்த அழுத்தத்தில் உலர்த்துவதே நல்லது.