பழைய காரில் ஜி.பி.எஸ். ட்ராக்கர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐம்பது, அறுபது வயதான காரை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் முதல் மாதமே இரண்டு வேலை செய்கிறார்கள். வண்டி திருடு போய்விடக் கூடாதென்று ட்ராக்கர் மாட்டுகிறார்கள். அதே வண்டியைப் படமெடுத்து ஊர் முழுக்கக் காட்டுகிறார்கள். இரண்டிலும் புதியவர்கள் செய்கிற தப்புகள் வருடா வருடம் ஒன்றேதான். ஒயரை ஒழுங்காக முறுக்காதது, டேப் சுற்றாதது போன்றவற்றை விட்டுவிடலாம். அதெல்லாம் தானாகவே தெரிந்துவிடும்.

பாடி என்றால் மைனஸ் என்று நினைப்பது

இதைப் பார்த்தால்தான் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஐந்து நிமிடம் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் சிறு கருவி) பிடித்தால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு முழு ஒயரிங்கையும் பலி கொடுக்கிறார்கள்.

இன்றைய கார்களில் பேட்டரியின் மைனஸ்தான் பாடியில் இணைந்திருக்கும். பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகளில் அப்படி இல்லை. மோரிஸ் மைனர், ஆரம்பகால அம்பாசடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்றவற்றில் பிளஸ்தான் பாடிக்குப் போகும். இதுதான் பாசிட்டிவ் எர்த். ட்ராக்கர் டப்பாவோடு வரும் தாளில் ‘சிவப்பு பேட்டரிக்கு, கறுப்பு பாடிக்கு’ என்று இருக்கும். அதை அப்படியே செய்தால் கருவிக்குக் கரண்ட் தலைகீழாகப் போகிறது. உள்ளே தலைகீழ் கரண்டைத் தடுக்கும் டயோடு இருந்தால் கருவி பேசாமல் கிடக்கும். ‘மட்டமான சரக்கு’ என்று திட்டிவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். டயோடு இல்லையென்றால் புகைதான்.

அடுத்த கட்டம்தான் ஆபத்தானது. யாரோ சொன்னார்களென்று இரண்டு ஒயரையும் மாற்றிப் போடுவார்கள். கருவி ஓட ஆரம்பித்துவிடும். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கும் ட்ராக்கர் என்றால் அப்படியே ஓடவும் செய்யும். அந்தத் தைரியத்தில் பக்கத்திலேயே யு.எஸ்.பி. சார்ஜர் ஒன்றை டாஷ்போர்டில் ஓட்டை போட்டு மாட்டுவார்கள். சார்ஜரின் உலோக வளையமும், செருகும் கேபிளின் உலோக முனையும் சார்ஜரின் மைனஸோடு சேர்ந்தவை. இந்த வண்டியிலோ மைனஸ்தான் உயிருள்ள, அதாவது பாடியில் சேராத பக்கம். தகர டாஷ்போர்டு பிளஸ். வளையம் தகரத்தில் பட்ட நொடி நேரடி ஷார்ட்.

ஃப்யூஸ் காப்பாற்றாதா? இந்த வண்டிகளுக்கு மின்பாகங்கள் செய்த பிரிட்டிஷ் நிறுவனமான லூகாஸின் அந்தக்கால ஒயரிங்கில் ஃப்யூஸே இரண்டுதான். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் ஸ்விட்ச் வழியாக வரும் பழுப்பு ஒயருக்கு ஃப்யூஸ் கிடையாது, ஹெட்லைட்டுக்கும் கிடையாது. புதியவர்கள் கைவைப்பது பெரும்பாலும் அந்தப் பழுப்பு ஒயரில்தான், ‘எப்பவும் கரண்ட் வருது’ என்பதால். சார்ஜரின் மெல்லிய ஒயர் சிவந்து, பக்கத்தில் கட்டாகப் போகிற ஒயர்களின் உறையெல்லாம் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முழு ஹார்னஸையும் (ஒயர்க் கட்டையும்) மாற்றத்தான் வேண்டும்.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். சிவப்பு முனை பாடியில், கறுப்பு முனை பாடிக்குப் போகாத பேட்டரி டெர்மினலில். மைனஸ் குறியில்லாமல் 12.6-க்குப் பக்கத்தில் காட்டினால் பாசிட்டிவ் எர்த். முன்னால் வைத்திருந்தவர் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கலாம். ஆகவே மாடல் வருடத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், அளந்து பாருங்கள்.

மாற்றுவதென்றால் பேட்டரியைத் திருப்பி வைப்பதோடு வேலை முடியாது. பிளஸ் முனை மைனஸைவிடச் சற்றுத் தடிமன் என்பதால் கிளாம்புகளும் மாற வேண்டும். இக்னிஷன் காயிலின் இரண்டு சிறு ஒயர்களை இடம் மாற்ற வேண்டும். விட்டால் ஸ்பார்க் வலுவிழந்து ஏற்றத்தில் எஞ்சின் மிஸ் அடிக்கும். ஆம்ப்மீட்டரின் இரண்டு ஒயரும் இடம் மாறும். பழைய ரேடியோ இருந்தால் முதலில் கழற்றி வையுங்கள். கடைசியாக, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவுக்குப் புதிய திசையைக் காட்ட வேண்டும்: டைனமோவின் ‘எஃப்’ முனையிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸிலிருந்து ஒரு தனி ஒயரை அந்த முனையில் ஓரிரு நொடி தொட்டு எடுத்தால் போதும். சின்னப் பொறி தெறிக்கும், பயப்பட வேண்டாம். இதைச் செய்யாமல் ஓட்டினால் டைனமோ பழைய திசையிலேயே கரண்ட் தள்ளும். டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட்டின் பாயிண்டுகள் கருகிப்போகும்.

பாசிட்டிவ் எர்த்தாகவே வைத்துக்கொள்ள விரும்பினால், உள்ளீடும் வெளியீடும் மின்சாரமாகப் பிரிந்திருக்கும் டி.சி. கன்வெர்ட்டர் ஒன்றை நடுவில் போடுங்கள். சாதாரண கன்வெர்ட்டர் உதவாது. அதில் மைனஸ் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

சிவப்பு ஒயர் பிளஸ் என்று நம்புவது

லூகாஸ் நிறக்கணக்கில் சிவப்பு என்றால் பார்க் லைட். பழுப்பு எப்போதும் உயிரோடு இருப்பது, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனிலிருந்து ஃப்யூஸ் வழியாக வருவது, நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். சிவப்பில் கோத்த ட்ராக்கர் பார்க் லைட் போட்டால் மட்டும் விழித்துக்கொள்ளும். ‘ராத்திரியில மட்டும் லொகேஷன் காட்டுது’ என்கிற புகாரில் பாதி இதுதான்.

ஃப்யூஸ் போடாமல் விடுவது

1 ஆம்பியர், ஒயர் எடுக்கும் இடத்திலிருந்து நாலு விரற்கடைக்குள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் அது ட்ராக்கரின் கறுப்பு ஒயரில் வர வேண்டும், சிவப்பில் அல்ல.

பேட்டரிக் கணக்கைப் பார்க்காதது

ட்ராக்கர் 40 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி. தினசரி ஓடும் காருக்கு அது தூசு. மாதம் ஒருமுறை வெளியே வரும் வண்டியில் 30 நாளில் 29 ஆகிவிடும். 50 ஆம்பியர்-மணி பேட்டரி பாதிக்கும் கீழே போய்விட்டது. அரைகுறை சார்ஜில் கிடந்தே தட்டுகளில் சல்ஃபேட் படியும். ஞாயிற்றுக்கிழமை டிராஃபிக்கில் அரைமணி நேரம் சுற்றினால் ஈடாகாது, ஏனென்றால் டைனமோ ஐடிலில் சார்ஜ் ஏற்றாது. வண்டி நிற்கும்போது கரண்டைக் குறைத்துக்கொள்ளும் ‘ஸ்லீப்’ வசதியுள்ள, சொந்தப் பேட்டரி வைத்த ட்ராக்கரை வாங்குங்கள். ஷெட்டில் நிற்கும் பேட்டரியை நிறைவாக வைத்திருக்கும் ஒரு மெயின்டனன்ஸ் சார்ஜரும் இருக்கட்டும்.

ஓ.பி.டி. ட்ராக்கர் வாங்குவது

இன்றைய கார்களில் கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் சாக்கெட்தான் ஓ.பி.டி. பழைய காரில் அந்த சாக்கெட்டே இல்லை.

123456-ஐ அப்படியே விடுவது

மலிவான ட்ராக்கர்கள் பல எஸ்.எம்.எஸ். கட்டளைக்கு வேலை செய்கின்றன, பெட்டியிலிருந்து வரும்போது கடவுச்சொல் 123456. உள்ளே இருக்கும் சிம்மின் எண் தெரிந்த யாரும் செய்தி அனுப்பி, வண்டி நிற்கும் இடத்தை மேப் லிங்க்காக வாங்கிக்கொள்ளலாம். மைக் உள்ள ரகத்தில் காருக்குள் பேசுவதையும் கேட்கலாம். பொருத்திய கடைக்காரருக்கு அந்த எண் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், அப்புறம் உங்கள் எண்ணை மட்டும் அட்மினாகப் பதியுங்கள். செயலியில் நுழைவதற்கான கடவுச்சொல் வேறு. அதையும் மாற்ற வேண்டும். இந்த ரகங்களில் பல 2ஜி-யில் ஓடுபவை. ஜியோவில் 2ஜி கிடையாது என்பதால் அந்த சிம் போட்டுவிட்டுக் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

படத்திலேயே முகவரி கொடுப்பது

ட்ராக்கருக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர், வண்டி நிற்கும் இடத்தைப் புகைப்படத்தில் இலவசமாகக் கொடுத்துவிடுகிறார். கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால் படக் கோப்புக்குள்ளேயே அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். ‘தெளிவாக இருக்கட்டும்’ என்று டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். வீட்டு கேட், எதிர்வீட்டு மாடி, தெருப்பலகை எல்லாம் பின்னணியில் தெரிவது தனிக் கதை.

நம்பர் பிளேட்டையும் ஆர்.சி.யையும் போனில் இருக்கும் ஹைலைட்டர் பிரஷ்ஷால் கறுப்படிக்காதீர்கள். அந்த மை அரைகுறையாக ஊடுருவும். வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எண்கள் மேலே வந்துவிடும். நிரப்பிய சதுரமாக வைத்து மறையுங்கள். சேஸிஸ் எண் பொறித்த தகட்டைப் படத்தில் காட்டவே வேண்டாம், போலி ஆர்.சி. தயாரிக்கிறவர்களுக்குத் தேவைப்படுவது அதுவும் எஞ்சின் எண்ணும்தான். 2021 மத்திய விதிப்படி 50 வயது கடந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துள்ள தனி எண் வாங்கியிருந்தால் இன்னும் கவனம் தேவை: இது சேகரிப்பு வண்டி என்று அந்தப் பிளேட்டே சொல்லிவிடும்.

விற்ற பிறகும் ட்ராக்கரை விட்டுவைப்பது

விற்கிறவர் சிம்மைக் கழற்றி, செயலியிலிருந்து வண்டியை நீக்கிவிட வேண்டும். சிம் உங்கள் பெயரில் இருக்கும்வரை அதை யார் எப்படிப் பயன்படுத்தினாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். வாங்குகிறவரின் கவலை வேறு: பழைய உரிமையாளருக்கு உங்கள் ஷெட் எங்கே என்று இன்னும் தெரிந்துகொண்டிருக்கலாம். பின்சீட்டைத் தூக்கிப் பாருங்கள், டாஷ்போர்டுக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். பேட்டரி டெர்மினலில் தடித்த கேபிள்களோடு மெல்லிய ஒயர் ஒன்று கூடுதலாக இருந்தால், அது முடிகிற இடம்வரை பிடித்துக்கொண்டே போங்கள்.